சின்னக் கல்

எங்கள் பக்கத்தில் மார்கழி பிறந்ததும் பழனிக்கு நடக்கிறவர்கள் செருப்பைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். மாலை போடுவதற்கு முந்தியே இது நடந்துவிடும். காலையில் பனி ஈரத்தோடு வரப்பில் நடப்பார்கள். வெயில் ஏறினதும் கண்மாய்க் கரைச் சரளையில் நடப்பார்கள். ராத்திரி உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பார்கள். தை வருவதற்குள் கால் பழகிவிடும், மற்றதெல்லாம் ரோட்டில் பழகிக்கொள்ளலாம் என்பது ஐயாவின் கணக்கு. ஐயா என்றால் அப்பாவைப் பெற்றவர்.

எங்கள் ஊர் குன்றக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. 1985ல் ராமநாதபுரத்தைப் பிரித்து எங்களைத் தனி மாவட்டமாக்கினார்கள். அதற்கப்புறமும் ஐயா கடுதாசியில் ‘ராம்நாடு ஜில்லா’ என்றே எழுதிக்கொண்டிருந்தார். தேவகோட்டை, காரைக்குடி நகரத்தார்களின் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்குப் புறப்படுவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. நானூறு வருஷப் பழக்கம் என்பார்கள். காவடியைத் தூக்கிக்கொண்டு போவதோடு, அதை நடந்தே திரும்பவும் கொண்டுவருவார்கள். அவர்கள் போகிற தடத்திலேயே சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் சின்னச் சின்னக் கூட்டமாக நடப்பார்கள். எங்கள் கூட்டத்துக்கு ஐயாதான் குருசாமி.

நான் முதன்முதலில் நடந்தது அப்பாவின் தலைத்திவசம் கழிந்த பிறகு வந்த தையில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலையேறக் கூடாது என்பதால் ஐயா அதற்கு முந்தின தையில் நடக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க நான் பேசவும் இல்லை. சோறு கேட்பேன், வாய்ப்பாடு ஒப்பிப்பேன். ஆனால் அப்பாவைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் எழுந்து மாட்டுக் கொட்டத்துக்குப் போய்விடுவேன். இழவு வீட்டில்கூட நான் அழவில்லை. “இவன் அழுதுட்டாத் தேவலையே” என்று அம்மா அப்பத்தாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. அழுகை வரவில்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? தொண்டைக்குக் கீழே என்னமோ அடைத்துக்கொண்டு நின்றது.

“இந்தத் தடவ அப்புவுக்கும் மாலை போட்டுருவோம்” என்றார் ஐயா.

“பச்சப்புள்ள மாமா. கால் தாங்குமா?” என்றாள் அம்மா.

“காலு தாங்கும்த்தா” என்று சொல்லிவிட்டு ஐயா வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.

சாமான்களுக்கு ஒரு மாட்டு வண்டி கூட வரும். அரிசி, பருப்பு, அண்டா, விறகு, கோரைப்பாய், ஒரு அரிக்கேன் விளக்கு. வண்டிக்காரரின் மகன் என் வகுப்புதான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச். அவர்கள் வீடு கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவில் இருந்தது. எங்கள் வீட்டு வாசல்வரை அவன் எத்தனையோ முறை வந்திருக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. எங்கள் ஊர் அப்படித்தான் இருந்தது.

மாலை போட்டதும் அதெல்லாம் கொஞ்ச நாளைக்கு ஒதுங்கிக்கொண்டது. மாலை போட்டவர்களுக்குப் பெயர் கிடையாது. சின்னவன் பெரியவன் எல்லாருமே சாமி. சாமிகளுக்கு ஒரே பந்தி. பச்சை வேட்டியைக் கட்டிக்கொண்டு, துண்டைத் தலையில் முண்டாசாகச் சுற்றிக்கொண்டு, என் இலைக்குப் பக்கத்து இலையில் அவன் உட்கார்ந்தான். என்னைவிட ஒரு சாண் உயரம். புளியோதரையில் கிடந்த கடலையைப் பொறுக்கி எடுத்துக் கடைசியில் தின்பதற்காக ஓரமாகச் சேர்த்து வைத்தான். நானும் அப்படித்தான் செய்வேன். பார்த்துக்கொண்டோம், சிரித்துக்கொண்டோம்.

குன்றக்குடியில் சாமி கும்பிட்டுவிட்டுப் புறப்படும்போது ஐயா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். “ரெண்டு சாமியும் ஜோடியா நடங்க. ஒருத்தன் நின்னா இன்னொருத்தன் நிக்கணும். எவ்வளவு தூரம்னு மட்டும் யாருகிட்டயும் கேக்கக்கூடாது.” அங்கிருந்து பழனி 150 கிலோமீட்டருக்கு மேல். அந்த எண்ணிக்கையைக் கேட்டிருந்தால் அன்றைக்கே நான் வண்டியில் ஏறியிருப்பேன்.

திருப்பத்தூர் தாண்டிச் சிங்கம்புணரிவரை இரண்டு பக்கமும் புளிய மரம். அந்த நிழலை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது. ரோட்டை அகலமாக்குகிறேன் என்று எத்தனை மரத்தைச் சாய்த்துவிட்டார்கள்! விடிவதற்கு முந்தி மூன்று மணிக்கு எழுப்பிவிடுவார்கள். குளித்து, பூசை முடித்து, ஒன்பது பத்து மணிவரை நடை. உச்சி வெயிலில் மரத்தடியிலோ சத்திரத்திலோ படுக்கை. நாலு மணிக்கு மேல் மறுபடியும் நடை. பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், பழனியை நெருங்க நெருங்க ஒவ்வொரு ராத்திரியும் நிலா கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வரும். இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள். நடக்கிறவர்கள் வரிசையாக அதன்மேலேயே போவதைப் பார்க்கலாம். கருப்புத் தாரைவிட அதில் சூடு குறைவு. அன்றைக்கு அந்தக் கோடும் கிடையாது. ஓரத்து மண்ணில் இறங்கினால் சீமைக்கருவேல முள், ரோட்டில் ஏறினால் சூடு.

சிங்கம்புணரிக்குள் நுழையும்போதே தேங்காய் மட்டை ஊறுகிற வாடை வந்துவிடும். கயிறு திரிக்கிற ஊர் அது. அங்கே வடக்கே தெரிகிற பிரான்மலையைக் காட்டி, பாரி ஆண்ட பறம்பு அதுதான் என்றார் ஐயா. முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டுப் பாரி நடந்தா போனார் என்று என் ஜோடிச்சாமி கேட்டான். நடந்துதான் போயிருக்கணும் என்று ஐயா யோசித்துச் சொன்னார். கொட்டாம்பட்டியில் மதுரை–திருச்சி ரோட்டைத் தாண்டினோம். லாரிகள் நின்று எங்களுக்கு வழிவிட்டன. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து ஐயாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பத்து ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டுப் போனார்.

நத்தம்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புது ரோடு, புது ஊர் என்று ஆசையிலேயே கால் ஓடிவிட்டது. நத்தத்தைத் தாண்டிக் கோபால்பட்டிக்குப் போகிற வழியில்தான் பிடித்துக்கொண்டது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம், தொடை இடுக்கில் வேட்டி உரசி எரிச்சல், பாதம் வீங்கிக் கனத்தது. பழகிய நடைக்காரர்கள் எல்லாரும் சொல்கிற விஷயம் இது. ஆரம்ப உற்சாகம் தீர்ந்து, தோல் இன்னும் காய்ப்புக் காய்க்காத அந்த இடைப்பட்ட நேரத்தில்தான் ஆட்கள் பஸ் ஏறுவார்கள். அதை மட்டும் தாண்டிவிட்டால் அப்புறம் உடம்பே வழிக்கு வந்துவிடும். அன்றைக்கு அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு மாந்தோப்பு வேலி ஓரம் உட்கார்ந்துவிட்டேன். தெற்கே சிறுமலை நீளமாகக் கிடந்தது. கூட்டம் முன்னால் போய்விட்டது. வண்டி மட்டும் நின்றது. வண்டிக்காரர் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கத்துச் சாமான்களை ஒதுக்கி இடம் பண்ணினார். எனக்கு ஏறிவிடலாம் என்றுதான் இருந்தது. ஐயா திரும்பி வந்தார். திட்டவில்லை, தூக்கவும் இல்லை. என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, “ஏறணும்னா ஏறிக்க அப்பு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றார். உண்மையாகவே சொன்னார். அந்தக் குரலில் துளிக்கூடச் சோதனை இல்லை. நான் ஏறியிருந்தாலும் அதே அன்போடுதான் இருந்திருப்பார். அந்த மனுஷனிடம் நான் கற்றுக்கொண்டதில் பெரியது அது. பிள்ளைகளை உறுதியாக்குகிறேன் என்று இன்றைக்கு விரட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாந்தோப்பு வேலி நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஐயா போனதும் ஜோடிச்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தன் காலைத் திருப்பிக் காட்டினான். என்னுடையதைவிடப் பெரிய கொப்புளம், உடைந்து சிவந்து கிடந்தது. அதுவரை அவன் நொண்டக்கூட இல்லை.

“உனக்கும் இருக்கா?”

“நேத்தே வந்துருச்சு.”

“சொல்லவே இல்ல?”

“நீயும்தான் சொல்லல” என்றான். பிறகு ரோட்டோரத்தைக் கைகாட்டினான். “அந்தா, அந்தச் சின்னக் கல்லு தெரியுதுல்ல. அதுவரைக்கும் போயி உக்காருவோம்.”

மைல் கல் என்று இன்னும் நாம் சொல்கிற கிலோமீட்டர் கல் எல்லாருக்கும் தெரியும், ஊர்ப் பெயர் எழுதி மஞ்சளோ பச்சையோ அடித்திருப்பார்கள். இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே, 200 மீட்டருக்கு ஒன்றாக, இரண்டு, நாலு, ஆறு, எட்டு என்று எண் போட்ட குட்டைக் கற்கள் இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் அது படாது. நடக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது. இரண்டு என்று எண் போட்ட கல்லுக்குப் போய் உட்கார்ந்தோம். நாலுக்குப் போய் உட்கார்ந்தோம். ஆறில் உட்கார மறந்துவிட்டோம், எட்டில்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் கிலோமீட்டர் கல்லில் நான் உட்கார, அவன் நின்றுகொண்டே அரோகரா போட, எதிரே கூழ் ஊற்றுகிற பந்தல் தெரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் வண்டியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்று இரவு சாணார்பட்டியில் ஒரு வீட்டுத் திண்ணையில் தங்கினோம். அந்த வீட்டம்மா யார் என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் யார் என்று அவருக்கும் தெரியாது. அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி, கல்லுப்புப் போட்டு, வருகிற சாமி ஒவ்வொருவரின் காலையும் அதில் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோத்து, விளக்குச் சுடரில் ஊசியைக் காட்டி, கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் ஏற்றி மறு ஓரத்தில் எடுத்தார். நூலை உள்ளேயே விட்டு இரண்டு பக்கமும் கத்தரித்தார். மேல்தோல் கிழியாமல் நீர் மட்டும் நூல் வழியே வடிந்துவிடும். பிறகு அரைத்த மருதாணியை உள்ளங்கால் முழுக்க அப்பிவிட்டார். எனக்குச் செய்ததையே அவனுக்கும் செய்தார், அதே கை, அதே மருதாணி. எந்தத் தெரு என்று கேட்கவில்லை. காலையில் எழுந்தபோது எங்கள் நாலு பாதமும் சிவந்திருந்தன.

திண்டுக்கல் மலைக்கோட்டையை மாலை வெயிலில் பார்த்தோம். மொட்டைப் பாறை, மேலே கோட்டைச் சுவர். ஊருக்குள் இரவு தங்கிவிட்டு, மறுநாள் மூன்று மணிக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் புறப்பட்டோம். மேற்கே பார்த்த ரோடு. எங்களுக்கு நேர் எதிரே நிலா இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாத இருட்டு. பனியில் பல் கிட்டியது. யாரும் பேசவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, கால் எட்டு ஒன்றாக வைத்து நடந்தோம்.

எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. “அப்பாவுக்குப் பாம்பு கடிச்சப்ப நான் கூட இருந்தேன்” என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. “ம்” என்றான்.

வயலில் மடை திறக்கப் போனது, அப்பா உட்கார்ந்தது, என்னை ஓடிப்போய் ஆள் கூட்டிவரச் சொன்னது, நான் ஓடியது, திரும்பி வந்தபோது வாயில் நுரை தள்ளியிருந்தது எல்லாவற்றையும் அந்த இருட்டுக்குச் சொன்னேன். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. இடையிடையே அவன் “ம்” கொட்டினான். அவ்வளவுதான். ஆறுதல் சொல்லவில்லை. சொல்லி முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். நடை நிற்கவில்லை. கையை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பின்னாளில் பலமுறை இதை யோசித்திருக்கிறேன். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது. அம்மாவும் வாத்தியாரும் என் முகத்தைப் பார்த்துத்தானே கேட்டார்கள்! பக்கத்தில் நடக்கிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு பேர் கண்ணும் ஒரே ரோட்டில் இருக்கிறது. பேச்சு நின்றாலும் அது சங்கடமாக இருப்பதில்லை, கால் நடந்துகொண்டே இருக்கிறது. துக்கத்தில் இருக்கிறவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்வதைவிடக் கொஞ்ச தூரம் கூட நடப்பது மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்காரர் எங்கள் வண்டியில் ஒரு மூட்டை கத்திரிக்காயை ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் விருப்பாச்சி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் போன அந்தச் சின்ன மலைவாழைப்பழத்தை அங்கே கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் முதலில் நினைத்தது அந்தக் கூடைகளைத்தான். ஆளுக்கொரு சீப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, ஐயா மரத்தடியில் சாய்ந்துகொண்டு வேலு நாச்சியார் கதையை ஆரம்பித்தார்.

1772ல் காளையார்கோவிலில் அவர் கணவர் முத்துவடுகநாதரைக் கொன்றுவிட்டார்கள். ராணி மகளைக் கூட்டிக்கொண்டு சீமையை விட்டு வெளியேறினார். கடைசியில் இங்கேதான், விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம். “எட்டு வருசம் அப்பு. நம்ம சீமைல இருந்து இந்த மண்ணுல வந்து எட்டு வருசம். புருசன் செத்துட்டான், நாடு போயிருச்சு, கையில பொட்டப்புள்ள. ஒரே நாள்ல எந்திரிச்சுப் போயி சண்ட போடல. ஆள் சேத்தா. ஹைதர் அலிகிட்ட உதவி கேட்டா. எட்டு வருசம் கழிச்சுப் படையோட போயி ஊர மீட்டா.” 1780ல் சிவகங்கை திரும்பக் கிடைத்த கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் அந்த எட்டு வருஷம் என்பது அந்த மரத்தடியில்தான் எனக்கு உறைத்தது. வீட்டில் தாலி இல்லாத கழுத்தோடு நெல் அவித்துக்கொண்டிருக்கும் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கும் ஒரு சீப்பு வாங்கித் துண்டில் முடிந்துகொண்டேன். அது ஊர் போய்ச் சேருவதற்குள் கனிந்து குழைந்துவிட்டது. அம்மா அப்படியே தின்றாள்.

சத்திரப்பட்டி தாண்டி ஆயக்குடிக்கு வரும்போது மலை தெரிந்துவிட்டது. கொய்யாத் தோப்புகளுக்கு மேலே, விளக்குப் போட்ட படிகள் ஒரு கோடாக மேலே ஏறின. கூட்டம் முழுக்கக் கத்தியது. பக்கத்தில் வந்த கிழவர் ஒருவர் ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டார். இடும்பன் குளத்தில் குளித்து, மொட்டை போட்டுக்கொண்டு, 690க்கு மேற்பட்ட அந்தப் படிகளை நாங்கள் இரண்டு பேரும் ஓடியே ஏறினோம். யானைப்பாதை வழியாக மெதுவாக வந்த ஐயா, மேலே எங்களைப் பார்த்ததும், “கால் என்னடா ஆச்சு?” என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கே காலின் ஞாபகம் வந்தது.

ஊர் திரும்பி மாலையைக் கழற்றினோம். மறுநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வைக்கோல் கொண்டுவந்தான், வாசலில் நின்றான். பழைய வழக்கம் அதற்குள் திரும்பி வந்திருந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் திண்ணைக்கு இழுத்தேன். அவன் அப்பத்தாவைப் பார்த்தான். அப்பத்தா ஐயாவைப் பார்த்தாள். ஐயா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். தெருவில் இரண்டு பேர் அதைப்பற்றிக் கேட்டார்கள். ஐயா அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தை. ஐயா போன பிறகு அவன் அப்பாதான் எங்கள் கூட்டத்துக்குக் குருசாமி. சில வருஷம் வேலையால் நான் போக முடியாமல் இருந்திருக்கிறது, அவன் விட்டதில்லை. அம்மா மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு ராத்திரி, தகவல் கேட்டுக் கடைசி பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை என்னோடு நடந்தான், விடிகிறவரைக்கும். டாக்டர் எப்போது வருவார், என்ன சொல்வார், பணத்துக்கு எங்கே போவது என்று நான் புலம்ப ஆரம்பித்தபோது, “காலைல கஞ்சி குடுக்கச் சொன்னாங்கல்ல, மொதல்ல அதப் பாப்போம்” என்றான். கஞ்சி வாங்கப் போனோம். அம்மா அதற்கப்புறம் பல வருஷம் இருந்தாள்.

இப்போது வண்டிமாடு இல்லை. அவனுடைய குட்டியானையில்தான் சாமான் வருகிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களுக்கென்று ரோட்டோரமாகத் தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். அவன் மகளும் என் மகனும் மாலை போட்டிருக்கிறார்கள். நேற்று ராத்திரி போனில் பேசினான். முட்டி வலி, இந்தத் தடவை நான் வண்டியில் வரட்டுமா என்று கேட்டேன்.

“தாராளமா ஏறிக்க. இடம் ஒதுக்கியே வச்சுருக்கேன்” என்றான். “ஆனா கோபால்பட்டிக்கு முந்தி எறங்கிரணும். புள்ளைங்க அங்கதான் உக்காரும்.”